அழுத்தம் விழும் இடம்

நீளமான ஆங்கிலச் சொல் என்றால் எனக்குப் பல வருடம் பயம். செவிலியர் வேலை பார்க்கிற ஒருத்தி இப்படிச் சொன்னால் நம்புவது கடினம்தான். நோயின் பெயர், மருந்தின் பெயர், பரிசோதனையின் பெயர், உடம்புக்குள் இருக்கிற தசைகளின் பெயர் என்று எங்கள் தொழில் முழுக்க நீளச் சொற்கள். எழுதச் சொன்னால் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதுவேன். வாயால் சொல்லத்தான் வராது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது மருந்தின் பெயரைச் சொல்வதற்குப் பதில் கேஸ் ஷீட்டைத் திறந்து அந்த வரியில் விரல் வைத்து நீட்டிவிடுவேன். நோயாளியின் வீட்டார் கேட்டால் ‘பிரஷர் மாத்திரை’, ‘கேஸ் மாத்திரை’ என்று முடித்துக்கொள்வேன். இதை வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை. இன்று இரவுகளில் கணினி வழியே என்னிடம் படிக்க வரும் பெண்களிடம் அதே பயத்தைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அறந்தாங்கிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். ஆங்கிலப் பாடம் நடக்கும்போது எங்கள் எல்லார் கையிலும் பென்சில் இருக்கும். டீச்சர் படிக்கப் படிக்க, ஒவ்வொரு சொல்லின் தலைக்கு மேலும் அதன் ஒலியைத் தமிழில் குறித்துக்கொள்வோம். ‘டெவலப்மென்ட்’, ‘நெசஸரி’, ‘எக்ஸாமினேஷன்’. மறுநாள் எழுப்பிப் படிக்கச் சொன்னால் மேலே உள்ள தமிழைப் பார்த்துப் படிப்போம். தமிழ் வழியில் படித்த பலருக்கும் அந்தப் பென்சில் எழுத்து ஞாபகம் இருக்கும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் ஆங்கிலம் எங்கள் வகுப்புக்குள் நுழைந்தே இருக்காது.

ஆனால் தமிழ் எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. எழுதிய உயிரெல்லாம் ஒலித்தாக வேண்டும். ‘டெ’ என்று எழுதினால் எகரம் முழுசாக வரும், ‘மென்’ என்று எழுதினால் அதுவும் முழுசாக வரும். ‘டெவலப்மென்ட்’ என்ற சொல்லில் இரண்டாவது அசைதான் ஓங்கும், மற்ற மூன்றும் தணியும் என்ற செய்தியைக் குறிக்க எங்கள் பென்சிலுக்கு வழி இல்லை. அதற்கு மேல் எழுத்து எழுத்தாக உருப்போடும் பழக்கம் வேறு. இப்படிப் படித்தவளுக்கு நீளச் சொல் என்பது நீண்ட எழுத்து வரிசை, அவ்வளவுதான். எங்கே தொடங்கி எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று அதில் எதுவும் தெரியாது.

செவிலியர் கல்லூரியில் முதல் வருடம் உடற்கூறு. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு தசை, பெயர் ‘ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட்’. மார்பெலும்பு, காரை எலும்பு, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பு மேடு என்று அது ஒட்டியிருக்கும் மூன்று இடங்களையும் சேர்த்து வைத்த பெயர். எல்லாரும் ஒரே மூச்சில் ஒப்பித்தோம். வேலைக்குச் சேர்ந்த பிறகும் பெரிய சிக்கல் வரவில்லை. திருச்சியில் டாக்டரும் நானும் மருந்துக்கடைக்காரரும் ஒரே மாதிரிதான் சொல்வோம். எல்லாரும் ஒரே பென்சிலில் படித்தவர்கள். எங்களுக்குள் புரிந்தது. புரிகிறவரை அந்த உச்சரிப்பில் தப்பே இல்லை என்று இன்றும் சொல்வேன்.

வெளிநாடு போக முடிவு செய்தபோதுதான் பயம் பெரிதாக வந்து எதிரே நின்றது. மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு ஒன்று உண்டு. ‘ஆக்குபேஷனல் இங்கிலீஷ் டெஸ்ட்’, சுருக்கமாக ஓஇடி என்பார்கள். பிரிட்டனின் செவிலியர் மன்றம் 2017 முதல் அதை ஏற்றுக்கொள்கிறது. பேச்சுத் தேர்வில் எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார், நாம் செவிலியராகவே பேச வேண்டும். தலா ஐந்து நிமிடம், இரண்டு சூழல். மதிப்பெண் தரும் மொழி அளவுகோல்களில் முதலாவது, நாம் பேசுவது கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்பது. கேஸ் ஷீட்டை நீட்டித் தப்பிக்க அங்கே வழியில்லை.

பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு மேடம். கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர். என் பேச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டார்.

“யாப்பு படிச்சிருக்கியாம்மா?”

“பத்தாவதுல படிச்சோம் மேடம்.”

“அலகிடத் தெரியுமா?”

“தெரியும் மேடம். எங்க தமிழய்யா குறளுக்கு வாய்பாடு எழுதாம வெளியே விடமாட்டார்.”

“அப்ப பாதிப் பாடம் உனக்கு ஏற்கெனவே வரும். மீதியத்தான் நான் சொல்லித் தரணும்.”

தமிழய்யா வகுப்பில் ஒரு குறளைக் கரும்பலகையில் எழுதி, சீர் சீராகப் பிரித்து, ஒவ்வொரு சீரையும் அசையாக வெட்டச் சொல்வார். குறில் தனித்தும் ஒற்றடுத்தும், நெடில் தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நேர். இரு குறிலோ குறில் நெடிலோ இணைந்து வந்தால் நிரை. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு. வேறெந்தப் பாடத்தில் தடுமாறினாலும் இதில் நான் தடுமாறியதில்லை. ஒரு சொல்லை எழுத்தாகப் பார்க்காமல் ஒலித்துண்டாகப் பார்க்கும் பயிற்சி அது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய பெரும்பாலோர் அதைச் செய்திருக்கிறார்கள். அதை ஆங்கிலத்துக்குக் கொண்டு போகலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மேடம் முதலில் என் அப்பா பெயரையே எடுத்துக்கொண்டார். மீனாட்சிசுந்தரம். “அலகிடு” என்றார். மீ, னாட், சிசுந், தரம். நேர், நேர், நிரை, நிரை. நான்கு அசை. “இதையே இங்கிலீஷ்காரன் வெட்டினா?” என்று கேட்டு அவரே எழுதினார்: மீ, னாட், சி, சுந், த, ரம். ஆறு. நம் யாப்பில் இரண்டு குறில் சேர்ந்து ஒரே நிரையாகிவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சேர்க்கை கிடையாது. உயிரொலி எத்தனையோ அத்தனை அசை. அந்த ஒரு வேறுபாட்டை மனதில் வாங்கிக்கொண்டால் வெட்டும் வேலை தமிழில் போலவே நடக்கும். சந்தேகம் வந்தால் தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு உயிருக்கும் தாடை ஒருமுறை கீழே இறங்கிக் கையைத் தொடும். ‘ஸ்டெர்-னோ-கிளை-டோ-மாஸ்-டாய்ட்’. ஆறு முறை தொட்டது. அத்தனை வருடம் மலையாகத் தெரிந்த சொல் ஆறு சின்ன அசையாக என் புறங்கையில் எண்ணி முடிந்தது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

காதால் கேட்டுத்தான் வெட்ட வேண்டும், கண்ணால் பார்த்து வெட்டக் கூடாது என்பது அடுத்த பாடம். ‘டெம்பரேச்சர்’ என்று நாம் நான்கு அசையாகச் சொல்வதை பிரிட்டனில் ‘டெம்-ப்ர-ச்ச’ என்று மூன்றாகச் சொல்கிறார்கள். ‘கம்ஃபர்டபிள்’ அவர்கள் வாயில் ‘கம்ஃப்-ட-பில்’. ‘மெடிசின்’ பலரிடம் ‘மெட்-ஸின்’ என்று இரண்டே அசை. சில ஆங்கில அகராதிகளில் தலைச்சொல்லின் நடுவே புள்ளி புள்ளியாக இருக்கும். அதை அசைப் பிரிப்பு என்று நம்பி நிறையப் பேர் படிக்கிறார்கள். அந்தப் புள்ளிகள் அச்சுக்கானவை. வரியின் கடைசியில் சொல் உடைந்தால் எந்த இடத்தில் இணைப்புக்கோடு போடலாம் என்று காட்டுபவை. பேச்சுக்கு உதவும் குறி பக்கத்தில் ஒலிக்குறியீட்டில் இருக்கிறது. மேலே ஒரு சின்னச் செங்குத்துக் கோடு. அதற்கு அடுத்து வரும் அசையில் முதன்மை அழுத்தம். கோடு கீழே இருந்தால் இரண்டாம் நிலை அழுத்தம். மேடம் கொண்டுவரும் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் தொகுத்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. அவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அந்த அகராதி 1942-இல் டோக்கியோவில்தான் முதலில் வெளிவந்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளை வகுப்பில் பார்த்துப் பார்த்து உருவானது என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பள்ளியில் பரிசாகக் கிடைத்த ஓர் அகராதி என்னிடமும் இருந்தது. அந்தக் கோட்டின் பொருளை யாரும் சொல்லித் தராததால் பொருள் பார்க்க மட்டுமே அதைத் திறந்திருக்கிறேன்.

வெட்டுவது பாதிதான். எந்த அசையில் அழுத்தம் என்பது மீதி. ஆங்கில அழுத்தத்துக்கு விதியே இல்லை, ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சின்னச் சொற்களுக்கு அது ஓரளவு உண்மை. நீளச் சொற்களுக்குப் பொருந்தாது. சொல் நீள நீள அதன் வால்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. வால் தெரிந்தால் இடம் தெரியும். அதனால் நீளச் சொல்தான் உண்மையில் எளிது. இதை நான் நம்புவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

எங்கள் வார்டிலிருந்தே சொல்கிறேன். ‘ஷன்’ என்று முடிந்தால் அதற்கு முந்திய அசையில் அழுத்தம். இன்ஃபெக்‌ஷனில் ‘ஃபெக்’, இன்ஜெக்‌ஷனில் ‘ஜெக்’, ஆபரேஷனில் ‘ரே’, ஹைபர்டென்ஷனில் ‘டென்’. ‘இக்’ என்று முடிந்தாலும் பெரும்பாலும் அப்படியே. ஆன்டிபயாட்டிக்கில் ‘யாட்’, டயபெட்டிக்கில் ‘பெட்’. ‘அலர்ஜி’ என்ற சொல்லில் முதல் அசை ஓங்கும். ‘அலர்ஜிக்’ ஆனதும் அழுத்தம் ‘லர்’ மேல் தாவிவிடும். அடிச்சொல் ஒன்றாக இருந்தாலும் வால் மாறினால் இடம் மாறும். வீக்கத்தையும் அழற்சியையும் குறிக்கும் ‘ஐட்டிஸ்’ தன் மேலேயே அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். அப்பென்டிசைட்டிஸ், ஹெபடைட்டிஸ், கேஸ்ட்ரைட்டிஸ் எல்லாவற்றிலும் அந்த ‘ஐ’தான் உச்சம். கட்டியைக் குறிக்கும் ‘ஓமா’, நிலையைக் குறிக்கும் ‘ஓஸிஸ்’ இரண்டிலும் ‘ஓ’. கார்சினோமாவில் ‘னோ’, த்ராம்போஸிஸில் ‘போ’. ‘எக்டமி’, ‘ஆலஜி’, ‘ஆஸ்கபி’, ‘ஆமிட்டர்’ என்று முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது அசை. டான்சிலெக்டமியில் ‘லெக்’, கார்டியாலஜியில் ‘யால்’, கேஸ்ட்ராஸ்கபியில் ‘ட்ராஸ்’, தெர்மாமீட்டரில் ‘மா’. விதிவிலக்கு உண்டு. ‘பாலிட்டிக்ஸ்’ முதல் அசையில் ஓங்கும், கணக்கைக் குறிக்கும் ‘அரித்மெட்டிக்’ இரண்டாவதில். ‘லெபாரட்டரி’யை பிரிட்டனில் இரண்டாம் அசையிலும் அமெரிக்காவில் முதல் அசையிலும் ஓங்கிச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட சில சொற்களுக்காக விதியைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

மருந்துப் பெயர்கள் இன்னும் ஒழுங்கானவை. மருந்துகளின் பொதுப் பெயர்ப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் வெளியிட்டு வருகிறது. ஒரே வகை மருந்துக்கு ஒரே வால் வருமாறு பெயர் வைப்பது அந்த முறை. இதயத் துடிப்பைத் தணிக்கும் அட்டெனலால், பிசாப்ரலால், ப்ரப்ரானலால் எல்லாம் ‘லால்’ என்று முடியும், கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் ஓங்கும். ரத்த அழுத்தத்துக்கான லிசினப்ரில், எனாலப்ரில் இரண்டும் அதே மாதிரி. கொழுப்பைக் குறைக்கும் ‘ஸ்டாட்டின்’, பெனிசிலின் குடும்பத்து ‘சிலின்’, எரித்ரோமைசின் போன்றவற்றின் ‘மைசின்’ எல்லாம் கடைசிக்கு முந்திய அசையில். பெயரைச் சரியாகச் சொல்லப் பழகியவளுக்கு மருந்தின் குணமும் சேர்ந்தே மனதில் பதிந்தது. முன்பு தனித்தனியாக உருப்போட்ட பெயர்கள் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தன.

இத்தனையும் தெரிந்த பிறகும் என் பேச்சு மாறவில்லை. இங்கேதான் நான் அதிகம் சிரமப்பட்டேன். அழுத்தம் என்றால் அந்த அசையை உரக்கச் சொல்வது என்று நினைத்தேன். மற்ற அசைகளை வழக்கம்போல் முழுசாகச் சொல்லிவிட்டு, அந்த இடம் வந்ததும் குரலை உயர்த்தினேன். கேட்க அதட்டுவது போல் இருந்தது. மேடம் காதைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “ஓங்க வேண்டியத விடு. மத்ததையெல்லாம் முதல்ல விழுங்கு.”

விழுங்குவது எனக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை. தமிழய்யாவிடம் நாங்கள் வாங்கிய முதல் வசவே எழுத்தை விழுங்கியதற்குத்தான். வாயைத் திறந்து, எழுத்தெழுத்தாக, நெடிலை நெடிலாகவும் குறிலைக் குறிலாகவும் சொன்னால்தான் அவருக்குப் பேச்சு. தெளிவாகப் பேசுவது மரியாதை என்று வளர்ந்தவள். ‘பனானா’வில் முதல் அகரத்தையும் கடைசி அகரத்தையும் அரைகுறையாக விட்டுவிட்டு நடுவில் மட்டும் நிற்கச் சொன்னால், ஏதோ அசிரத்தையாகப் பேசுவதாக மனம் உறுத்தியது. இந்த உறுத்தல் என்னைப் போல் படித்த பலருக்கும் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. உச்சரிப்பு வகுப்புகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என்னை இதிலிருந்து விடுவித்ததும் தமிழிலக்கணம்தான். மேடம் தமிழ்ப் பாடநூலைத் திறந்து சார்பெழுத்துப் பகுதியை என்னையே படிக்கச் சொன்னார். ‘காசு’, ‘பாட்டு’ என்ற சொற்களின் கடைசி உகரம் ஒரு மாத்திரை ஒலிப்பதில்லை, அரை மாத்திரையாகக் குறுகுகிறது. குற்றியலுகரம். ‘தலைவன்’, ‘வாழை’ என்ற சொற்களில் இரண்டு மாத்திரை ஒலிக்க வேண்டிய ஐகாரம் ஒரு மாத்திரைக்கு இறங்குகிறது. ஐகாரக்குறுக்கம். ஒலி தன் அளவில் குறைவதை நம் இலக்கணம் பெயர் வைத்து, மாத்திரை அளந்து சொல்லியிருக்கிறது. யாரும் அதை அசிரத்தை என்று சொல்லவில்லை. ‘பாட்டு’ என்பதன் கடைசி உகரத்தை உதடு குவித்து முழுசாகச் சொன்னால்தான் நம் காதுக்கு உறுத்தும். ஆங்கிலம் இந்தக் குறுக்கத்தைச் சொல்லின் எல்லா இடத்திலும், ஏறக்குறைய எல்லா உயிருக்கும் செய்கிறது. அழுத்தம் இல்லாத அசையில் எந்த உயிர் எழுதியிருந்தாலும், பல நேரம் நாக்கு நடுவாயில் சும்மா கிடக்கும்போது வரும் மங்கலான ஒலியாகக் குறுகிவிடும். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுதான். அதற்கென்று ஓர் எழுத்து ஆங்கில நெடுங்கணக்கிலும் இல்லை.

‘ஃபோட்டோகிராஃப்’ என்ற சொல்லில் முதல் அசை ஓங்கும், நடுவில் உள்ள ‘டோ’ குறுகும். ‘ஃபோட்டோகிராஃபர்’ என்று ஆனதும் இரண்டாம் அசை ஓங்கி, முதல் ‘ஃபோ’வும் மூன்றாவது ‘கிரா’வும் குறுகி ‘ஃப-டாக்-ர-ஃப’ என்று ஆகிவிடுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே சமையல் செய்தேன், பஸ்ஸில் போனேன். ஒருநாள் மற்ற அசைகள் தாமாகவே தணிந்தன. ஓங்க வேண்டிய அசைக்காக நான் குரலை உயர்த்தவே இல்லை, அது தானாக மேலே நின்றது. அந்த அசை சற்று நீளும், சற்று உயர்ந்த சுருதியில் வரும், அதன் உயிர் மட்டும் துலக்கமாக இருக்கும். மற்றவை ஒதுங்கி வழி விட்டால் போதும். நான் இத்தனை வருடத்தில் கற்றதில் முதன்மையானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இப்படிக் கவலைப்பட்டதில் நான் முதல் ஆள் இல்லை என்று மேடம் சொன்னார். ஹைதராபாத்தில் இருந்த மத்திய ஆங்கில நிறுவனத்தில் ஆர். கே. பன்சல் என்ற ஆய்வாளர், இந்தியர் பேசும் ஆங்கிலம் மற்ற நாட்டாருக்கு எவ்வளவு புரிகிறது என்று சோதித்து 1969-இல் நூலாக வெளியிட்டார். புரியாமல் போவதற்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று சொல்லழுத்தம் இடம் மாறுவது. அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் நாட்டிலேயே கண்டு சொன்ன செய்தி. அது ஏன் அறந்தாங்கிப் பக்கத்து வகுப்பறை வரை வரவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு.

தேர்வு முடிந்து இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாஸலுக்கு வேலைக்கு வந்தேன். ஊர்ப் பெயரிலேயே பாடம் காத்திருந்தது. தெற்கே உள்ளவர்கள் ‘நியூ’வில் ஓங்குவார்கள், இந்த ஊர்க்காரர்கள் ‘காஸ்’ என்பதில் ஓங்குவார்கள். இங்குள்ளவர்களின் உயிரொலிகள் பாடநூலில் படித்ததைப் போல இல்லை. முதலில் ஒன்றுமே புரியாதோ என்று பயந்தேன். ஆனால் மருத்துவச் சொற்கள் வரும்போது உயிர் எப்படி மாறினாலும் அழுத்தம் அதே இடத்தில் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் புரிந்துகொண்டேன். பேசுவதற்காகக் கற்றது கேட்பதற்கும் உதவும் என்று அதுவரை நினைத்ததில்லை.

வார்டில் பேசும் சொற்கள் சிலவற்றில் அழுத்தம் மாறினால் பெயர்ச்சொல் வினைச்சொல்லாகிவிடும். ‘டிஸ்சார்ஜ்’, ‘டிரான்ஸ்ஃபர்’, ‘ரெக்கார்ட்’, ‘இன்க்ரீஸ்’. முதல் அசையில் ஓங்கினால் பெயர், இரண்டாவதில் ஓங்கினால் வினை. ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் எல்லாரும் வேகமாகப் பேசுவார்கள். கேட்பவரின் காது அந்த உச்ச அசையைத் தேடிப் பிடித்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறது என்பதை அங்கேதான் கண்ணாரக் கண்டேன். ஓர் இரவு, நோயாளி ஒருவருக்கு ‘அமிட்ரிப்டிலீன்’ வேண்டும் என்று ஃபார்மசிக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. முன்பு என்றால் வேறு யாரையாவது பேசச் சொல்லியிருப்பேன். அ-மி-ட்ரிப்-டி-லீன். ஐந்து அசை, ‘ட்ரிப்’ என்பதில் அழுத்தம். சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் திருப்பிக் கேட்கவில்லை, டோஸ் என்ன என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இங்கே என் அப்பா பெயர்தான் என் குடும்பப் பெயர். அட்டையில் அதைப் பார்த்து உடன் வேலை செய்பவர்கள் திகைப்பார்கள். நீளச் சொல்லைக் கண்டு நான் திகைத்த அதே திகைப்பு. மேடம் வெட்டிக் காட்டியபடியே ஆறு துண்டாக எழுதிக் கொடுத்தேன். உடனே ஒருத்தி கேட்டாள்: “இதில் அழுத்தம் எங்கே?” அப்படித் தனியாக ஒன்றும் இல்லை, அழுத்தம் இடம் மாறினாலும் எங்கள் சொல்லுக்குப் பொருள் மாறாது, குறில் நெடில் மாறினால்தான் மாறும் என்றேன். அவளால் அப்படி விட முடியவில்லை. ‘சுந்’ என்பதை ஓங்கி, மற்றவற்றைக் குறுக்கித்தான் அவளுக்குச் சொல்ல வந்தது. ஒவ்வொரு காதும் தன் மொழியின் பழக்கத்தோடுதான் கேட்கிறது. அவள் என் அப்பாவின் பெயரை அக்கறையோடு சொல்கிறாள், அது எனக்குப் போதும்.

அழுத்தத்தை நாசூக்குக்காகக் கற்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹைட்ரலஸீன் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஹைட்ராக்ஸிஸீன் அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் தருவது. இரண்டையும் குழப்பிவிடக் கூடாது என்று மருந்துப் பாதுகாப்புப் பட்டியல்களே எச்சரிக்கின்றன. இரண்டு பெயருக்கும் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. வேறுபடும் இடம் நடுவில், ‘ட்ரல்’, ‘ட்ராக்’. சரியாக அந்த அசையில்தான் ஆங்கிலத்தில் அழுத்தமும் விழுகிறது. சரியாகச் சொன்னால் வேறுபாடு தெளிவாகக் கேட்கும். எல்லா அசையையும் ஒரே சமமாகச் சொன்னாலோ ‘ஹை’ என்பதில் ஓங்கினாலோ, இரைச்சலான வார்டில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். எங்கள் வார்டில் வயதானவர்கள் அதிகம். முதுமையில் செவித்திறன் குறையும்போது ஸகரம், ஃபகரம் போன்ற உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் மறையும், உயிரொலிகள் ஓரளவு கேட்டுக்கொண்டிருக்கும். சரியான அசையில் அழுத்தம் வைத்துப் பேசினால் அவர்களுக்கும் பேச்சு போய்ச் சேருகிறது. அதனால்தான் ஊரில் காசு வாங்கிக்கொண்டு நடத்தும் சில உச்சரிப்பு வகுப்புகள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ரகரத்தை மென்மையாக்கு, டகரத்தை ஊதிச் சொல் என்று வெள்ளைக்காரர் மாதிரிப் பேசக் கற்றுத் தருகிறார்கள். என் ரகரம் இன்றும் அறந்தாங்கி ரகரம்தான். அதனால் யாருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை. அழுத்தம் சரியாக விழுந்தால் போதும், நம் ஊர்க் குரல் நம்மோடு இருக்கலாம்.

இரவில் என்னிடம் படிக்க வருபவர்கள் பெரும்பாலும் தமிழ் வழியில் படித்த செவிலியர்கள். “அக்கா, எங்களுக்கு இதெல்லாம் வருமா?” என்றுதான் தொடங்குவார்கள். முதல் வகுப்பில் ஆங்கிலமே நடத்துவதில்லை. ஆளுக்கொரு தமிழ்ச் சொல்லைக் கொடுத்து அலகிடச் சொல்கிறேன். மறந்துவிட்டது என்பவர்களுக்கும் சற்று நேரத்தில் தேமாவும் புளிமாவும் திரும்பி வந்துவிடும். பிறகு அவரவர் வார்டில் தினமும் கொடுக்கும் மருந்துகளின் பெயரை வெட்டச் சொல்கிறேன். பிறகு அகராதியில் அந்தச் சின்னக் கோட்டைத் தேடச் சொல்கிறேன். கடைசியாகக் குறுக்கம். கடைசிப் பாடத்தில்தான் எல்லாருக்கும் நாள் ஆகும், அங்கே நான் அவசரப்படுத்துவதில்லை.

பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் சொல்லின் மேல் தமிழில் எழுதிக்கொள்வதைத் தடுக்காதீர்கள். அது எங்களுக்குக் கிடைத்த முதல் பிடி. ஆனால் புதிய நீளச் சொல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதும்போது, அசைகளுக்கு இடையே கோடு கிழித்து, அழுத்தம் விழும் அசைக்குக் கீழே மட்டும் ஓர் அடிக்கோடு போடுங்கள். பிள்ளைகளும் தங்கள் பென்சிலால் அந்த அடிக்கோட்டைப் போட்டுக்கொள்ளட்டும். தமிழாசிரியர் அடுத்த வகுப்பறையில் அலகிடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அவரையும் கூப்பிட்டு இருவரும் சேர்ந்து ஒரு பாடம் நடத்திப் பாருங்கள்.